கல்கத்தா முகவரி போட்ட டப்பாவை விட்டுவிடாதே

கல்கத்தாவில் பழைய டப்பா சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் டப்பாவைத்தான். மூடியில் குதிரை வண்டியும் குடை பிடித்த துரைசானிகளுமாக ஒன்று கிடைத்துவிட்டால் தலைகால் புரியாது. வேண்டாம் என்று சொல்லவில்லை, தங்கச்சி. ஆனால் அதே அலமாரியில், அந்த அழகான டப்பாவுக்குப் பின்னால், மூடி நசுங்கிப்போய், ஓரத்தில் 'கல்கத்தா' என்று அச்சடித்த ஒரு பார்லி டப்பாவோ பிரிட்டானியா டப்பாவோ இருந்தால் முதலில் அதை எடு. இங்கிலாந்து டப்பாக்களை இங்கிலாந்துக்காரர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிறந்த ரெடிங் ஊர் மியூசியத்தில் அதற்கென்றே ஒரு தனிக்கூடம், 300-க்கு மேல் டப்பாக்கள். ராபர்ட் ஓபி என்பவர் 1963-ல் ஒரு மிட்டாய் உறையில் ஆரம்பித்துச் சேர்த்ததெல்லாம் இன்று லண்டனில் தனி மியூசியமாகவே இருக்கிறது. நம் பக்கத்து டப்பாவுக்கு அப்படிப் பாதுகாப்பு கிடையாது. பழைய இரும்புக்காரர் தராசில் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த ஊருக்கு இவ்வளவு டப்பா எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் தேடுவது சுலபம். துறைமுகம் ஒரு காரணம். 1911 வரை நாட்டின் தலைநகரம் என்பது இன்னொன்று. மூன்றாவது, இந்த ஊர்க் காற்று. ஆடி மாதத்தில் ஒரு பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு, அம்மாவிடம் போன் பேசிவிட்டு வந்து தொட்டுப் பார், நான் சொல்வது புரியும். ஜோசஃப் ஹன்ட்லி 1822-ல் ரெடிங்கில் பேக்கரி வைத்தார். அவருடைய மகன்களில் ஒருவர் 1832-ல் தகர வேலையில் இறங்கினார். அண்ணன் கடை பிஸ்கட், தம்பி கடை டப்பா. நமுக்காமல், நொறுங்காமல் கடல் தாண்டிப் போக அந்தத் தகரம்தான் வழிசெய்தது. 1868-ல் ஓவன் ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரை வைத்து முதல் அலங்கார டப்பாவை வெளியிட்டார்கள். 1875-ல் ராபர்ட் பார்க்ளே தகரத்தில் ஆஃப்செட் அச்சுக்குக் காப்புரிமை வாங்கியபின் பல வண்ணப் படங்கள் மலிவாகிவிட்டன.

பிஸ்கட் உள்ளே போக மறுத்த வீடுகளும் இங்கே உண்டு. 1846-ல் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தபோது, சாதி வித்தியாசம் பார்ப்பதில்லை என்று காட்டுவதற்காகவே பிஸ்கட்டும் ஷெர்ரியும் வரவழைத்துச் சாப்பிட்டதை ராஜ்நாராயண் போஸ் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த அளவுக்கு அது தீண்டக்கூடாத பண்டம். டப்பா மட்டும் எந்த ஆசாரமும் பார்க்காமல் எல்லா வீட்டு அடுக்களைக்குள்ளும் நுழைந்துவிட்டது. பொரி போட, தேங்காய் உருண்டை போட, பொத்தானும் ஊசி நூலும் போட, கடிதம் வைக்க. நம் வீடுகளில் முறுக்குக்குப் போட்டது மாதிரிதான். ஆகவே உனக்குக் கிடைக்கப்போவது மியூசியத்துப் பளபளப்பு இல்லாத, இரண்டு மூன்று தலைமுறை கை பட்ட டப்பா. அதைக் குறையாக நினைக்கிறவள் இந்தப் பொழுதுபோக்குக்கு வரவேண்டாம்.

எங்கே தேடுவது

முதலில் பக்கத்து வீடு. கடை அதற்குப் பிறகு. பாலிகஞ்ச், பவானிபூர், வடக்கே ஷோபாபஜார், பாக்பஜார் என்று எந்தப் பக்கம் உனக்குத் தெரிந்த வயதான மாஷிமா (வங்காளத்துப் பெரியம்மா) இருக்கிறாரோ, அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒன்றாவது இருக்கும். துர்கா பூஜைக்கு முந்தைய மாதம் வெள்ளையடித்துச் சுத்தம் செய்யும்போதும், பழைய வீட்டைப் புரோமோட்டரிடம் கொடுத்துவிட்டு ஃப்ளாட்டுக்கு மாறும்போதும் எல்லாம் வெளியே வரும். அந்த நேரத்தில் போய் உதவி செய், டப்பாவைப் பற்றிக் கேள். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு: அவருக்கு விலை தெரியாது என்பதற்காக ஏமாற்றி வாங்காதே. "இது வெளியே நல்ல விலை போகும் மாஷிமா" என்று சொல்லிவிட்டு அப்புறம் கேள். பெரும்பாலும் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். கூடவே டப்பாவின் கதையும் வரும், அதுதான் பெரிய லாபம்.

அடுத்தது தெருவில் வரும் பிக்ரிவாலா, அதாவது பழைய சாமான் வாங்குகிறவர். அவருக்குத் தகரம் என்றால் கிலோ கணக்கு. பழைய காகிதம், பாட்டிலோடு சேர்த்து மூட்டை கட்டி, பெரிய கடைக்குப் போனதும் நசுக்கிவிடுவார்கள். உன் தெருவுக்கு வருகிறவரிடம் ஒருமுறை டப்பாவைக் காட்டி, "தாதா, இந்த மாதிரி வந்தால் நசுக்காமல் கொண்டுவாருங்கள், எடை விலைக்கு மேலே தருகிறேன்" என்று சொல்லி வை. சொன்ன மாதிரி கொடு. மோசமான டப்பா கொண்டுவந்தாலும் முதல் சில தடவை வாங்கிக்கொள். இல்லாவிட்டால் இன்னொரு முறை உனக்காக மூட்டையைப் பிரிக்கமாட்டார்.

ரஸ்ஸல் தெரு ஏலத்தை எல்லோரும் சொல்வார்கள். 1940-ல் ஆரம்பித்த ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் அங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தத் தெருவிலும் பார்க் தெருவிலும் இப்படிப் பல ஏலக்கடைகள் இருந்தன. ஊரை விட்டுப் போன வெள்ளைக்காரர்களின் பியானோவும் சாப்பாட்டு மேஜையும் அங்கேதான் கை மாறின. ஏலத்தில் டப்பா தனியாக வராது. பீங்கான் தட்டு, உடைந்த கடிகாரம், கரண்டிகள் எல்லாம் சேர்ந்த ஒரு லாட்டில் ஒளிந்திருக்கும். அதனால் ஏலம் தொடங்குமுன்பே போய் ஒவ்வொரு லாட்டையும் கையில் எடுத்துப் பார். மூடி அதே டப்பாவின் மூடியா, கீல் ஆடுகிறதா, அடி ஓட்டையா என்று பார்த்து, உன் உச்ச விலையைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள். பக்கத்தில் இருப்பவர் கை தூக்கினார் என்பதற்காக நீயும் தூக்காதே. விலைக்கு மேலே கமிஷன் எவ்வளவு, வரி எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடு.

நியூ மார்க்கெட்டில் பழைய டப்பா தேடி அலையாதே. 1874-ல் திறந்த சந்தை, 1902-லிருந்து இருக்கும் நாஹும் பேக்கரி எல்லாம் பார்க்க வேண்டியவைதான். கேக் வாங்கிக்கொண்டு வா. ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய புத்தக, ரெக்கார்டுக் கடைகளில் டப்பாவைவிடக் காகிதம்தான் கிடைக்கும்: லேபிள், விளம்பரம், விலைப்பட்டியல். அதுவும் சேர்க்கவேண்டியதே. தகரம் வாங்கக் காசில்லாதபோது லேபிள் வாங்கு. பழைய விளம்பரங்களையும் அச்சுப் படங்களையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, லேக் மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் லேக் டெரஸில் ஜதுநாத் பவன் இருக்கிறது. வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்காரின் வீடு, இப்போது மியூசியம். கோமளவிலாஸில் டிபன் சாப்பிட்டுவிட்டு அப்படியே போய் வா.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது

விற்கிறவர் எல்லா டப்பாவையும் "நூறு வருஷத்துப் பழசு திதி" என்பார். சிரித்துக்கொண்டே டப்பாவைத் திருப்பிப் பார். டப்பா பொய் சொல்லாது.

முதலில் விலை. அணாவில் போட்டிருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய கணக்கு. நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். அந்தச் சின்ன ஏழு வருட இடைவெளியில் வந்த டப்பாக்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம்; யாரும் சீந்தமாட்டார்கள், மலிவாகவும் கிடைக்கும். எடை பவுண்டு, அவுன்ஸில் மட்டும் இருந்தால் இந்திய டப்பா பெரும்பாலும் 1960-களின் தொடக்கத்துக்கு முந்தியது. மெட்ரிக் அளவுகள் 1958-லிருந்து படிப்படியாகத்தான் வந்தன. அடுத்து முகவரி. 'கல்கத்தா-29' என்று இரண்டு எண் மட்டும் இருந்தால் பின்கோடு வந்த 1972 ஆகஸ்ட் 15-க்கு முந்தையதாக இருக்கலாம். 700029 என்று ஆறு எண் இருந்தால் கட்டாயம் அதற்குப் பிந்தையது. ஊர்ப் பெயர் 'கொல்கத்தா' என்றிருந்தால் 2001-க்குப் பிறகு. பச்சைப் புள்ளி சைவக் குறியும் அதே 2001-ல் வந்ததுதான். பச்சைப் புள்ளியோடு ஒருவர் 'பிரிட்டிஷ் காலத்து டப்பா' விற்றால் பேசாமல் நகர்ந்துவிடு.

கம்பெனிப் பெயரும் காட்டிக்கொடுக்கும். 1892-ல் மத்திய கல்கத்தாவில் ஒரு சின்ன வீட்டில், 295 ரூபாய் முதலில் தொடங்கிய பிஸ்கட் தொழில்தான் இன்றைய பிரிட்டானியா. 1918-ல் சி.எச். ஹோம்ஸ் என்ற ஆங்கிலேய வியாபாரி கூட்டாளியாகச் சேர்ந்ததும் 'பிரிட்டானியா பிஸ்கட் கம்பெனி' ஆனது. 1979-ல் 'பிரிட்டானியா இண்டஸ்ட்ரீஸ்' என்று மாறியது. ஆகவே 'பிஸ்கட் கம்பெனி' என்று அச்சிட்டிருந்தால் 1979-க்கு முந்தையது என்று நிம்மதியாக வாங்கலாம். ஹன்ட்லி அண்ட் பாமர்ஸில் 'லிமிடெட்' இருக்கிறதா என்று பார். அது லிமிடெட் கம்பெனி ஆனது 1898-ல். ராஜ முத்திரை போட்டிருந்தால் எந்த அரசருக்கு என்று படி. விக்டோரியா 1901 வரை, ஏழாம் எட்வர்ட் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, ஆறாம் ஜார்ஜ் 1952 வரை. முத்திரைக்குக் கீழே 'காலஞ்சென்ற அரசர்' என்றிருந்தால் அவர் ஆட்சிக்குப் பிறகு அச்சடித்தது.

அடி ஓரத்தில், மடிப்புக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் டப்பா செய்தவர் பெயர் இருக்கலாம். அங்கே 'மெட்டல் பாக்ஸ்' என்று கண்டால் சந்தோஷப்படு. லண்டன் மெட்டல் பாக்ஸ் கம்பெனி 1933-ல் கல்கத்தாவில் கடை விரித்தது. அதற்கு முன்பே, 1920-ல், ஜாம்ஷெட்பூர் கோல்முரியில் டின்பிளேட் கம்பெனி தொடங்கிவிட்டது, முதலில் மண்ணெண்ணெய் டின்களுக்காக. இவை இரண்டும் வந்த பிறகு ஆங்கிலப் பெயர் போட்ட டப்பா எல்லாம் கப்பலில் வந்தது என்று சொல்ல முடியாது. தகரமும் அச்சும் இங்கேயே கிடைத்தன. ஆங்கிலப் பெயர், இந்தியக் கை. நான் முதலில் சொன்ன கல்கத்தா முகவரியின் மதிப்பு இதுதான்.

இன்னொன்றையும் தேடி வை: ரசகுல்லா டின். கே.சி. தாஸ் கடை 1930-ல் ரசகுல்லாவை டின்னில் அடைத்து விற்க ஆரம்பித்தது. பிஸ்கட் டப்பா கப்பலேறி வந்த ஊரிலிருந்து, வங்காளத்து இனிப்பு அதே தகரத்தில் அடைபட்டு வெளியூர் போனது. பிஸ்கட் அலமாரியில் இதற்கும் ஓர் இடம் கட்டாயம் வேண்டும். வெறும் டின்தானே என்று வெட்டித் தூக்கிப்போட்டதால் பழையது அபூர்வம்.

பித்தளைப் பெட்டி ஒன்று கண்ணில் படலாம்: 1914 கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரி பெயரில் போர்வீரர்களுக்கு அனுப்பியது. மூடியில் இளவரசியின் முகம் புடைப்பாக இருக்கும். நம் நாட்டு வீரர்களுக்கும் போனது. சீக்கியருக்குப் புகையிலை இல்லாமல் கற்கண்டும் ஒரு சின்ன மசாலா டப்பாவும் வைத்தார்கள். அந்த மசாலா டப்பா எங்காவது தனியாகக் கிடைத்தால் எனக்கு உடனே போன் செய்.

போலியும் புதுசும்

சட்டைப்பையில் ஒரு காந்தமும் ஒரு சின்ன லென்ஸும் வைத்துக்கொள். தகர டப்பாவில் காந்தம் ஒட்டும். அலுமினியத்திலும் பித்தளையிலும் ஒட்டாது. லென்ஸில் படத்தைப் பார். புள்ளிகள் சீரான இடைவெளியில் சின்னச் சின்னப் பூ மாதிரி வரிசையாகக் கூடியிருந்தால் இக்காலத்து நாலு கலர் அச்சு. பழைய கல் அச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும், வண்ணங்கள் திட்டுத்திட்டாக நிரம்பியிருக்கும். துருவையும் பார். உண்மையான துரு மூடி விளிம்பு, அடிப்பாகம், கீல் என்று தண்ணீர் தங்கும் இடங்களில் வரும். உப்புத் தண்ணீர் தெளித்துச் செய்த துரு டப்பா முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்கும்.

செத்த சிங்கமும் தேனீக்களும் உள்ள லைல்ஸ் கோல்டன் சிரப் டின்னில் பலர் ஏமாறுகிறார்கள். அந்தப் படம் 1885-லிருந்து வருவது உண்மை. ஆனால் அதே சிங்கம் போட்ட டின் இன்றும் கடையில் விற்கிறது. கிராம் அளவும் பார்கோடும் இருந்தால் அது போன வருடச் சிரப். ஹன்ட்லி அண்ட் பாமர்ஸிலும் பழைய பாணியில் செய்த புது டப்பாக்கள் உண்டு. 1980-ல் வந்த ஒரு தோட்ட விருந்து டப்பாவில், வரைந்தவர் கம்பெனிக்குத் தெரியாமல் புதருக்குள் சில விவகாரமான காட்சிகளைச் சேர்த்துவிட்டார். வயது குறைவுதான், ஆனாலும் அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். மாமியார் வரும்போது மட்டும் பின்பக்கம் திருப்பி வை.

சுத்தம் செய்கிறேன் என்று கெடுக்காதே

நல்ல டப்பாக்களில் பாதி வீட்டுக்கு வந்த முதல் நாளே சாகின்றன. புளி, எலுமிச்சை, சபீனா, ஸ்க்ரப்பர் எதுவும் கிட்டே வரக்கூடாது. புளி பித்தளைச் செம்புக்குச் சரி. தகரத்தின் மேலே இருப்பது மெல்லிய மையும் வார்னிஷும், ஒரே தேய்ப்பில் துரைசானியின் முகம் போய்விடும். தண்ணீரில் முக்குவதும் கூடாது, மடிப்புக்குள் போன ஈரம் வெளியே வராது. மெல்லிய பெயின்ட் பிரஷால் தூசி தட்டு. பிறகு காய்ந்த மைக்ரோஃபைபர் துணி. பிசுக்கு இருந்தால் துணியை லேசாக ஈரப்படுத்தி, உள்ளே அல்லது அடியில் ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பார். துணியில் வண்ணம் ஒட்டினால் அதோடு நிறுத்து. படமில்லாத உள்பக்கத்தில் மட்டும், துரு பொடியாக உதிர்ந்தால், மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் மென்மையாக எடுக்கலாம். படத்தின் மேல் உள்ள துருவைத் தொடாதே, அது அப்படியே இருக்கட்டும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்று பாட்டி சொல்வாள். ஒரு வாரம் பளபளக்கும். அப்புறம் பிசுபிசுத்து ஊர்த் தூசி முழுவதையும் இழுத்துக்கொள்ளும். மியூசியங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஆன்லைனில் கிடைக்கிறது. விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் விரல் நுனி அளவு எடுத்தால் போதும், வருடக்கணக்கில் வரும். மெழுகு போடுவதைக் கார்த்திகையிலிருந்து மாசிக்குள், காற்று காய்ந்திருக்கும்போது வைத்துக்கொள். மழைக்காலத்தில் போட்டால் ஈரத்தையும் சேர்த்து மூடிவிடுவாய்.

வைக்கும் இடம் கண்ணாடிக் கதவு அலமாரி. சமையலறைப் பரணில் வரிசையாக வைத்தால் போட்டோவுக்கு அழகு, ஆனால் தாளிப்புப் புகை படிந்து ஆறு மாதத்தில் மஞ்சளாகிவிடும். ஜன்னல் வெயிலும் கூடாது. சிவப்புதான் முதலில் வெளுக்கும். வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதே, மழையில் சுவர் வியர்க்கும். ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, மூடியை இறுக்காமல் வை. நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தெரியும். அந்துருண்டை வேண்டாம், வாசனை ஒருநாளும் போகாது. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் கீழே இருப்பதன் மூடி கீறிவிடும். அடுக்கித்தான் ஆகவேண்டும் என்றால் நடுவில் பருத்தித் துணி போடு. தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவித் துடை. உப்பு வியர்வைக் கைரேகை அப்படியே துருவாக எழும்பும்.

லேபிள், உறை, விளம்பரக் காகிதங்களுக்கு எதிரி இராமபாணப் பூச்சி. அவற்றை அமிலமில்லாத காகிதத்துக்கு நடுவில் தட்டையாக வை. கிழிந்ததை செல்லோடேப்பால் ஒட்டாதே. லேமினேஷன் செய்யவே செய்யாதே, செய்தபின் திரும்ப வழியில்லை.

ஒரு கண்டிப்பு. இந்த டப்பாக்களில் சாப்பாட்டுப் பொருள் போடாதே. பழைய பெயின்டிலும் பற்றவைப்பிலும் ஈயம் இருக்கக்கூடும். பிள்ளைகள் விளையாடவும் கொடுக்காதே. உரிந்த பெயின்ட் வாய்க்குப் போகும். மாஷிமா அறுபது வருடம் அதில்தான் பொரி போட்டார் என்று வாதாடாதே.

சட்டத்தையும் தெரிந்து வை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய கலை, கைவினைப் பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உன் டப்பா அந்தக் கணக்கில் வருமா என்று சந்தேகம் இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டு, தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே அனுப்பு. லண்டனுக்குப் போகும் அத்தான் பெட்டியில் சொருகி அனுப்பாதே. விமான நிலையத்தில் விழிக்கப்போவது அவர்.

முதலீடு என்று இதில் இறங்காதே. விற்கப் போகும்போது வாங்கிய விலை திரும்பக் கிடைத்தாலே பெரிது. பிடித்ததை வாங்கு, இடம் இருக்கிற அளவுக்கு வாங்கு. ஒரு தெளிவான வரம்பு வைத்துக்கொண்டால் வீடு குடோன் ஆகாது: பிஸ்கட் மட்டும், அல்லது டீ மட்டும், அல்லது கல்கத்தா முகவரி மட்டும். நான் மூன்றாவதைச் சொல்வேன்.

வாங்கிய அன்றே ஒரு சின்னச் சீட்டு எழுதி டப்பாவுக்குள் போடு. எந்த வீடு, எந்தத் தெரு, யார் கொடுத்தார், அவர்கள் அதில் என்ன வைத்திருந்தார்கள், என்ன தேதி. பென்சிலால் எழுது, பேனா மை இந்த ஊர் ஈரத்தில் கசியும். கொடுத்த மாஷிமாவுக்கு எண்பது வயது என்றால் அடுத்த வாரம் கேட்கலாம் என்று தள்ளிப்போடாதே, இன்றைக்கே கேட்டு எழுது.